முகவரி யார் கையில்? சொந்தப் பெயரில் மின்னஞ்சல் அமைக்க ஒரு வழிகாட்டி

ராசா, பத்தாங் காலி, கோலகுபு பாரு பக்கம் ஓர் ஆலய நிர்வாகத்தின் கடிதத் தாளையோ, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தின் கடிதத் தாளையோ எடுத்துப் பாருங்கள். மேலே சங்கப் பதிவு எண் இருக்கும். அடுத்து 44200 ராசா என்று முடியும் முகவரி. அதற்கும் கீழே அப்போதைய செயலாளரின் சொந்த ஜிமெயில். நிர்வாகம் மாறும்போது முத்திரையும் வங்கிப் புத்தகமும் கைமாறுகின்றன, ஜிமெயில் மட்டும் மாறுவதில்லை. நகராண்மைக் கழகத்தின் பதில், நன்கொடை கொடுத்தவரின் கேள்வி, திருவிழாவுக்குப் பந்தல் போட்டவரின் பில் எல்லாம் பழைய செயலாளரின் பெட்டியில் தங்கிவிடுகின்றன. புதிய செயலாளர் புலனத்தில் கெஞ்சிக் கேட்டு ஒவ்வொன்றாக வாங்க வேண்டியிருக்கிறது.

தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்கு இந்த நிலை தெரியும். கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், கிராணி பிரித்துக் கொடுப்பார். வீடு கம்பெனியுடையது, ஆகவே முகவரியும் கம்பெனியுடையது. நிலம் கைமாறி மக்கள் தாமான்களுக்குக் குடிபோனபோது அந்த முகவரி அவர்களோடு வரவில்லை. இலவச மின்னஞ்சலும், இணையச் சேவை நிறுவனம் இணைப்போடு சேர்த்துக் கொடுக்கும் மின்னஞ்சலும் அந்த லயத்து முகவரியைப் போன்றவைதாம். நாட்டின் முதல் இணையச் சேவையான ஜாரிங் 1990களின் தொடக்கத்தில் மிமோஸ் ஆய்வு நிறுவனத்தில் உருவாகி, ஒரு தலைமுறைக்கே இணையத்தைக் காட்டியது. 2015இல் அது மூடப்பட்டது. ஜாரிங் என்று முடியும் முகவரியைப் பெயரட்டையில் அச்சடித்திருந்தவர்கள் புது முகவரி தேட வேண்டியதாயிற்று.

சொந்த டொமைன் வைத்திருப்பவருக்கு அந்த நிலை வராது. எடுத்துக்காட்டாக, சொந்த டொமைனில் மின்னஞ்சல் தந்த தன் இலவச நிறுவனத் திட்டத்தில் புதியவர்களைச் சேர்ப்பதைக் கூகுள் 2012 டிசம்பரில் நிறுத்தியது. 2022இல் பழையவர்களையும் கட்டணத் திட்டத்துக்கு மாறச் சொன்னது, பிறகு சொந்த உபயோகக்காரர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. அப்போது பணம் கட்ட விரும்பாத சிறு நிறுவனங்கள் டொமைனின் பதிவுகளில் சில வரிகளை மாற்றி வேறு சேவைக்குப் போக முடிந்தது. அவர்களுடைய முகவரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இந்த வழிகாட்டி அந்தச் சில வரிகளைப் பற்றியது.

முதலில் மூன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, டொமைன் என்ற பெயர். இரண்டாவது, அந்தப் பெயருக்குரிய கடிதம் எங்கே போக வேண்டும் என்று கேட்பவருக்கெல்லாம் பதில் சொல்லும் டிஎன்எஸ் பதிவேடு. மூன்றாவது, கடிதம் வந்து சேரும் மின்னஞ்சல் சர்வர். விற்பவர்கள் மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். ஒரே இடத்தில் வாங்கினாலும் முடிவைத் தனித்தனியாக எடுங்கள். என் பரிந்துரை இதுதான்: பெயரும் பதிவேடும் உங்கள் கையில் இருக்கட்டும், சர்வரை வாடகைக்கு எடுங்கள்.

எந்தப் பெயர்?

டாட் மை என்று முடியும் பெயர்களை மைநிக் நிர்வகிக்கிறது. டாட் காம் டாட் மை வாங்க எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு வேண்டும். டாட் ஓஆர்ஜி டாட் மை வாங்க அமைப்பு பதிவானதற்கான ஆவணம் வேண்டும். வெறும் டாட் மையைத் தனிமனிதரும் வாங்கலாம், டாட் காமை உலகில் யாரும் வாங்கலாம். ஆவணம் கேட்பது தொல்லை என்று பலர் டாட் காமுக்கு ஓடுகிறார்கள். பதிவு பெற்ற சங்கத்துக்கு அந்தத் தொல்லையே பாதுகாப்பு. நாளைக்கு நிர்வாகத்தில் பிளவு வந்து "பெயர் என்னுடையது" என்று ஒருவர் நின்றால், சங்கப் பதிவிலாகாவின் சான்றிதழ் யார் உரிமையாளர் என்று சொல்லிவிடும். கணினி தெரிந்த ஒரு தம்பியின் பெயரில் வாங்கிய டாட் காமுக்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது. ஆகவே சங்கம் என்றால் டாட் ஓஆர்ஜி டாட் மை, எஸ்எஸ்எம்மில் பதிந்த தொழில் என்றால் டாட் காம் டாட் மை.

தமிழ் எழுத்திலேயே பெயர் வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. மலேசியாவுக்கு லத்தீன் அல்லாத எழுத்தில் இருப்பது ஜாவி வடிவம். பிற எழுத்துகளில் மின்னஞ்சல் முகவரி எழுதுவதற்கான நெறி 2012இல் வந்தது, ஜிமெயில் 2014இல் அதை ஏற்றது. ஆனாலும் பல இணையப் படிவங்கள் அப்படிப்பட்ட முகவரியைப் பிழை என்று திருப்பிவிடும். இப்போதைக்கு அலுவல் முகவரி லத்தீன் எழுத்தில் இருக்கட்டும்.

பெயர் வாங்கும்போது ஒரு கண்ணியை மறக்காமல் தாண்ட வேண்டும். வாங்கிய கணக்கின் தொடர்பு மின்னஞ்சலாக அதே டொமைனின் முகவரியைக் கொடுக்காதீர்கள். ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்து பெயர் நின்றுபோனால் மின்னஞ்சலும் நிற்கும். கடவுச்சொல்லை மீட்க அனுப்பும் கடிதம் அந்த நின்றுபோன பெட்டிக்கே போகும். அதற்கென்று தனியாக ஒரு ஜிமெயில் திறந்து, தலைவரும் பொருளாளரும் இருவரும் எடுக்கும்படி வையுங்கள். இலவச மின்னஞ்சலுக்கு உரிய இடம் இதுதான்.

பதிவேடு எங்கே இருக்கட்டும்?

பெயர் விற்றவரே இலவசமாக டிஎன்எஸ் தருவார். இணையத்தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனமும் தரும். கிளவுட்ஃபிளேர் போன்ற தனிச் சேவையும் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்றிலும் பதிவுகள் ஒன்றுதான், வேறுபாடு பிரியும் நாளில் தெரியும்.

ஹோஸ்டிங் நிறுவனத்திடம் பதிவேடு இருந்தால், இணையத்தளத்தை வேறிடம் மாற்றும் நாளில் பழைய கணக்கை மூடுவீர்கள், அதோடு மின்னஞ்சல் பதிவுகளும் போகும். இணையத்தளத்தைப் புதுப்பித்த மறுநாள் கடிதமே வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பெயர் விற்றவரிடமே வைத்திருப்பது சிறு அமைப்புக்குப் போதும். கடவுச்சொற்கள் குறையும், பெயர் இருக்கும் வரை பதிவேடும் இருக்கும். அவருடைய பலகத்தில் நீளமான டெக்ஸ்ட் பதிவு போட முடியவில்லை, அல்லது மாற்றம் ஏற மணிக்கணக்கில் ஆகிறது என்றால் கிளவுட்ஃபிளேருக்குப் போங்கள். அங்கே ஒன்றைக் கவனியுங்கள். இணையத்தளத்துக்குப் போடும் ஆரஞ்சு மேகக் குறியை மின்னஞ்சல் சர்வரின் பெயருக்குப் போடக்கூடாது. அந்த மேகம் இணையப் பக்கங்களைத்தான் கடத்தும், கடிதத்தைக் கடத்தாது.

சர்வர்: நான்கு வழிகள்

மலிவான வழி, ஹோஸ்டிங்கோடு வரும் சிபேனல் மின்னஞ்சல். கூடுதல் செலவில்லை, திட்டம் அனுமதிக்கும் அளவுக்குப் பெட்டிகள் திறக்கலாம். குறை அண்டைவீட்டாரிடம் இருக்கிறது. ஒரே ஐபி எண்ணில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். அவற்றில் ஒன்றை யாரோ ஊடுருவிக் குப்பை மின்னஞ்சல் அனுப்பினால் அந்த ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறும், நீங்கள் அனுப்பும் பொதுக்கூட்ட அழைப்பும் ஸ்பாம் பெட்டிக்குப் போகும். உங்கள் பதிவுகள் எவ்வளவு சரியாக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. வரும் கடிதம் அதிகம், அனுப்புவது குறைவு என்ற சிறு கடைக்கு இது சரி.

இரண்டாவது, முன்னனுப்பல். சங்க முகவரிக்கு வருவதைச் செயலாளரின் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடுவது. கிளவுட்ஃபிளேர் இதை இலவசமாகவே தருகிறது. ஆனால் பெட்டி என்று ஒன்று கிடையாது, கடிதம் மறுபடியும் தனிமனிதர் வீட்டுக்கே போகிறது. பதில் எழுதும்போது அவருடைய சொந்த முகவரி வெளியே தெரியும். நிர்வாகம் மாறினால் முகவரி மட்டும் கைமாறும், பத்து வருடக் கடிதங்கள் கைமாறாது. எந்தச் சிக்கலில் தொடங்கினோமோ அதில் பாதி அப்படியே நிற்கும் என்பதால் சங்கத்துக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, வாடகைப் பெட்டி: கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஸோஹோ மெயில். மூன்றுக்கும் இடையே கடிதம் போய்ச் சேரும் தரத்தில் சிறு அமைப்புக்குத் தெரியும்படி வேறுபாடு இல்லை. எக்செல், வேர்ட் என்று வேலை செய்யும் கணக்குக் கடைக்கு மைக்ரோசாஃப்ட் பொருந்தும். எல்லாரும் கைப்பேசியில் ஜிமெயில் பழகியவர்கள் என்றால் கூகுள். செலவைப் பார்த்தால் ஸோஹோ. அதை நடத்துவது ஸ்ரீதர் வேம்பு தொடங்கிய நிறுவனம், தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. அதன் இலவசத் திட்டம் எல்லா வட்டாரத்திலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அவுட்லுக் போன்ற மென்பொருளோடு இணைக்க முடியாது, உலாவியிலோ அவர்களுடைய செயலியிலோதான் படிக்கலாம். பதிவு பெற்ற இலாப நோக்கமற்ற அமைப்புகளுக்குக் கூகுளும் மைக்ரோசாஃப்டும் இலவசத் திட்டம் வைத்திருக்கின்றன. விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். ஆலயமும் சங்கமும் பணம் கட்டுவதற்கு முன் இதைக் கட்டாயம் முயன்று பார்க்க வேண்டும். தகுதியுள்ளவர்கள் பலர் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் மாதாமாதம் கட்டுகிறார்கள்.

நான்காவது, விபிஎஸ் எனும் மெய்நிகர் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சொந்த மின்னஞ்சல் சர்வர் நடத்துவது. வீட்சே வெனிமா எழுதி 1998இல் ஐபிஎம் வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ் இன்றும் இலவசம், உலகின் பெரிய சர்வர்கள் பலவும் அதில் ஓடுகின்றன. அதைக் கற்றுக்கொள்ளும் இளைஞர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் கோயில் கடிதங்களை அதில் வைத்துக் கற்காதீர்கள். கடிதத்தைப் பெறுவது எளிது, அனுப்பியது ஏற்கப்படுவது கடினம். பல கிளவுட் நிறுவனங்கள் கடிதம் அனுப்பப் பயன்படும் 25ஆம் போர்ட்டை மூடியே தருகின்றன. உங்களுக்குக் கிடைக்கும் ஐபிக்கு முந்திய வாடகைக்காரர் சேர்த்துவைத்த கெட்ட பெயர் இருக்கலாம். பிடிஆர் பதிவும் வேண்டும், அதாவது ஐபி எண்ணைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும் தலைகீழ்ப் பதிவு. அது உங்கள் பதிவேட்டில் இல்லை. ஐபியின் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும், அந்தப் பெயரும் திரும்ப அதே ஐபியைக் காட்ட வேண்டும். வீட்டு ஃபைபர் இணைப்பில் சர்வர் வைப்பது பேச்சுக்கே இல்லை. மாறும் ஐபியிலிருந்து நேரே வரும் கடிதத்தைப் பெரிய சேவைகள் வாசலிலேயே தள்ளிவிடும்.

பதிவுகள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் நான்கு வகைப் பதிவுகள்தாம். மதிப்புகளைச் சேவை நிறுவனம் தன் பக்கத்தில் கொடுத்திருக்கும். கையால் தட்டச்சு செய்யாமல் நகலெடுத்து ஒட்டுங்கள்.

எம்எக்ஸ் என்பது கடிதம் எங்கே போக வேண்டும் என்று சொல்வது. 1986இலிருந்து இருக்கும் ஏற்பாடு. அதில் ஐபி எண்ணைப் போடக்கூடாது, சர்வரின் பெயரைத்தான் போட வேண்டும். அந்தப் பெயர், வேறொரு பெயரைச் சுட்டும் சிநேம் பதிவாகவும் இருக்கக்கூடாது. பக்கத்தில் உள்ள எண் முன்னுரிமை, சிறிய எண்ணுக்கே முதலிடம். கூகுளுக்கு மாறும்போது பழைய ஹோஸ்டிங்கின் எம்எக்ஸை "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விட்டுவைப்பவர்கள் உண்டு. கடிதங்களில் சில புதிய பெட்டிக்கும் சில யாரும் திறக்காத பழைய பெட்டிக்கும் போகும். பழையதை அழியுங்கள்.

எஸ்பிஎஃப் என்பது நம் பெயரில் கடிதம் அனுப்ப யாருக்கு அனுமதி என்ற பட்டியல், டெக்ஸ்ட் பதிவாக எழுதப்படுவது. அதிகம் தவறு நடப்பது இங்கேதான். ஒரு டொமைனுக்கு ஒரே ஓர் எஸ்பிஎஃப்தான் இருக்கலாம். ஸோஹோவுக்கு ஒன்று, கணக்கு மென்பொருளுக்கு இன்னொன்று என்று இரண்டு போட்டால் இரண்டுமே செல்லாது. இரண்டு பேரையும் ஒரே வரியில் சேர்க்க வேண்டும். அந்த வரியைப் படித்து முடிக்கப் பத்துக்கு மேல் டிஎன்எஸ் தேடல் ஆனாலும் செல்லாது.

இந்தப் பட்டியல் இப்போது ஏன் நீள்கிறது என்றால், நம் பெயரில் கடிதம் அனுப்புவது நாம் மட்டும் அல்ல. உள்நாட்டு வருமான வரி வாரியம் மின்விலைப்பட்டியலை 2024 ஆகஸ்ட் 1 முதல் கட்டங்கட்டமாகக் கொண்டுவந்ததிலிருந்து, பெஸ்தாரி ஜெயாவில் லாரி ஓட்டுபவரும் ஈஜோக்கில் செம்பனைக் குலை ஏற்றும் குத்தகைக்காரரும் கணக்கு மென்பொருளைத் தொடத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த மென்பொருள் உங்கள் முகவரியைப் போட்டு வாடிக்கையாளருக்கு பில் அனுப்பும். அதை அனுமதிக்காமல் விட்டால் பில் ஸ்பாமுக்குப் போகும், பணம் தாமதமாகும். இணையத்தளத்தின் தொடர்புப் படிவமும் இப்படித்தான். ஆகவே பதிவு எழுதுமுன் ஒரு தாளில் நம் பெயரில் கடிதம் அனுப்பும் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

டிகிம் என்பது ஒவ்வொரு கடிதத்திலும் சர்வர் இடும் கையொப்பம். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் இருக்கும். கூகுளில் இதை நிர்வாகப் பலகத்தில் உருவாக்கி, பதிவை ஒட்டி, பிறகு திரும்பி வந்து தொடங்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கடைசிப் படியை மறப்பவர் பலர். 2048 பிட் சாவி ஒரு துண்டுக்கு அனுமதிக்கப்படும் 255 எழுத்தைத் தாண்டும். சில பலகங்கள் தாமே இரண்டாக வெட்டிக்கொள்ளும், சில மிச்சத்தைச் சத்தமில்லாமல் உதிர்த்துவிடும். ஒட்டிய பிறகு கடைசி எழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் இரண்டு சிநேம்களாகக் கேட்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

டிமார்க் இவை இரண்டையும் கட்டி நிறுத்துவது. கடிதத்தில் அனுப்புநராகத் தெரியும் டொமைனோடு எஸ்பிஎஃப் அல்லது டிகிம் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று நீங்களே சொல்கிறீர்கள். 'நன்' என்றால் ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு. 'குவாரண்டீன்' என்றால் ஸ்பாமில் போடு. 'ரிஜெக்ட்' என்றால் வாசலிலேயே தள்ளு. பொருளாளரின் முகவரியைப் போலவே போட்டு, "வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, புதிய எண்ணுக்குக் கட்டுங்கள்" என்று யாரோ எழுதும் மோசடிக்கு எதிரான கதவு இந்த மூன்றாவது சொல்தான். எடுத்த எடுப்பில் அதைப் போடாதீர்கள், உங்கள் பில்லையே அது தடுத்துவிடும். சில வாரம் 'நன்' வைத்து அறிக்கைகளைப் பாருங்கள், விட்டுப்போன அனுப்புநரைச் சேருங்கள், பிறகு ஏற்றுங்கள். 'நன்' போட்டுவிட்டு அப்படியே மறந்துவிட்ட டொமைனுக்கு ஒரு காவலும் இல்லை. மோசடியில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள்.

இவையெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கு என்று நினைப்பது பழைய காலம். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கட்டாயம். ஒரு நாளில் 5,000க்கு மேல் அனுப்புபவருக்கு இரண்டோடு டிமார்க்கும் வேண்டும். திருவிழா அழைப்பை இருநூறு பேருக்கு அனுப்பும் ஆலயமும் முதல் விதிக்குள் வந்துவிடுகிறது.

மாற்றும் நாள்

சர்வர் சிறிது நேரம் நின்றால் கடிதம் தொலையாது, அனுப்பும் சர்வர்கள் நாள்கணக்கில் மறுபடி முயலும். தொலைப்பது வேறு ஒன்று. எம்எக்ஸைப் புதிய சேவைக்குத் திருப்பிவிட்டு, அங்கே பெட்டிகளைத் திறக்காமல் இருந்தால் "அப்படி ஒருவர் இல்லை" என்று புதிய சர்வர் உடனே திருப்பி அனுப்பிவிடும். ஆகவே முதலில் பெட்டிகள், பிறகு எம்எக்ஸ். பதிவைப் பிற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரமான டிடிஎல்லை இரண்டு நாள் முன்பே 300 நொடிக்குக் குறையுங்கள், மாற்றம் சீக்கிரம் பரவும். பழைய கடிதங்களை இறக்கி முடிக்கும் வரை பழைய கணக்கை மூடாதீர்கள்.

சிபேனலிலிருந்து வெளியேறுபவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும். அதன் மின்னஞ்சல் வழித்தட அமைப்பை உள்ளூர் என்பதிலிருந்து தொலை என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் இணையத்தளப் படிவத்தில் ஒருவர் எழுதுவது, உலகம் முழுவதும் எம்எக்ஸ் மாறியிருந்தாலும், அந்த சர்வருக்குள்ளேயே பழைய பெட்டியில் விழுந்துகொண்டிருக்கும். வெளியிலிருந்து அனுப்பிப் பார்க்கும் சோதனையில் இது தெரியாது. படிவத்திலிருந்தே ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள்.

இணையத்தளத்துக்கு மட்டும் வாங்கி, மின்னஞ்சலே வைத்துக்கொள்ளாத டொமைனையும் வெறுமனே விடாதீர்கள். யாருக்கும் அனுமதி இல்லை என்று ஓர் எஸ்பிஎஃப், 'ரிஜெக்ட்' என்று ஒரு டிமார்க், வெறும் புள்ளியைக் காட்டும் எம்எக்ஸ் மூன்றும் போட்டால் அந்தப் பெயரில் வேறு யாரும் எழுதுவது கடினம்.

எல்லாம் முடிந்ததும் சங்க முகவரியிலிருந்து ஒரு ஜிமெயிலுக்குக் கடிதம் அனுப்பி, கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் மூலக் கடிதத்தைக் காட்டும் வரியை அழுத்துங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். கணக்கு மென்பொருளிலிருந்து ஒன்று, இணையத்தளப் படிவத்திலிருந்து ஒன்று என்று அந்தத் தாளில் எழுதிய ஒவ்வோர் அனுப்புநருக்கும் இதையே செய்யுங்கள்.